மோட்டார் சைக்கிளும் மறுபயிற்சியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து ஒரகடம் வரை செல்வோர் இருமருங்கும் காண்பது மோட்டார் வாகனத் தொழிலின் பெருக்கமேயாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. ஒரகடத்தில் 2012 முதல் டெயிம்லர் கம்பெனியின் லாரிகள் தயாராகின்றன. 1955ல் திருவொற்றியூரில் பிறந்த ராயல் என்பீல்டு தொழில், 2013ல் ஒரகடத்துக்கும் 2017ல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. யமஹா கம்பெனியும் 2015ல் வல்லம் வடகாலில் தன் ஆலையைத் திறந்தது. நம்மவர் கையால் உருவான மோட்டார் சைக்கிள்கள் கடல் கடந்த தேசங்களிலும் ஓடுகின்றன. இது நமக்குப் பெருமையே. ஆனால், வண்டியைச் செய்யும் வித்தையில் இவ்வளவு தேர்ச்சி பெற்ற நாம், அதை ஓட்டும் வித்தையில் எந்த நிலையில் இருக்கிறோம் என்று கேட்டால் தலை குனியாமல் விடை சொல்ல முடியுமா?

2022ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துக்களால் மாண்டவர் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் அவ்வாண்டு நேர்ந்த விபத்துக்கள் 64,105. மாண்டவர் 17,884 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் நமது மாநிலமே தேசத்தில் முதலிடம் பெற்றது. இத்தகைய முதன்மை யாருக்கு வேண்டும்? மாண்டவரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர் என்பதையும், ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குடும்பம் நிற்கிறது என்பதையும் நினைத்தால், இவை வெறும் எண்கள் அல்ல என்பது விளங்கும்.

நம் நாட்டில் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பது எவ்வாறு? அண்ணனோ, மாமனோ, சிநேகிதனோ ஏரிக்கரையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ அரைநாள் கற்றுக் கொடுக்கிறார். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைக்கிறது. எட்டுப் போடுதல் நிதானத்துக்குப் பரீட்சையாகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எதிரே மாடு குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதற்கு அது பரீட்சையாகாது. இப்போதுள்ள சட்டப்படி முப்பது வயதுக்குள் லைசென்ஸ் பெறுபவனுக்கு அது நாற்பது வயது வரை செல்லும். உரிய காலத்தில் புதுப்பித்துக் கொள்பவன் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதும் இல்லை. இருபது வயதில் கற்ற குறைகள் நாற்பதிலும் அறுபதிலும் அப்படியே உடன் வருகின்றன. வண்டிகளின் வேகமும் எடையும் பெருகின, சாலைகள் மாறின, லாரிகள் நீண்டன. ஓட்டுபவனின் கல்வி மட்டும் முதல் நாளோடு முடிந்து போயிற்று!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை அவை நேர்ந்த இடத்திலேயே ஆராய்ந்து, 1981ல் தம் முடிவுகளை வெளியிட்டார். விபத்துக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தார் அல்லது சிநேகிதரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று அவர் கண்டார். அவர்கள் அசுர வேகத்தில் சென்றவர்களும் அல்ல. விபத்துக்கு முன் நடுத்தர வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டரே. ஆபத்து தெரிந்ததும் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்க விட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. தற்செயல் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி அறியாமையே என்பதை இந்த ஆராய்ச்சி தெளிவாக்குகிறது.

முன் பிரேக்கின் விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். அதைப் பிடித்தால் தலைகுப்புற விழ நேரும் என்று பயந்து அதைத் தொடாமலே ஆயுளைக் கழிப்பவர் நம்மிடையே ஏராளம். உண்மை வேறு. வண்டியின் வேகம் குறையும்போது அதன் பாரம் முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் சக்தியின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஆபத்தைக் கண்டு கையை அசைக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பிறகு உலர்ந்த சாலையில் இரு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த 20 மீட்டர் ஏறத்தாழ இரு மடங்காகும். உயிருக்கும் சாவுக்கும் இடையேயுள்ள தூரம் பல சமயங்களில் இவ்வளவே. முன் பிரேக்கைத் திடீரென்று பற்றாமல், படிப்படியாக இறுக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் போதாது. காலியான மைதானத்தில் பத்து இருபது முறை செய்து பார்த்தாலொழிய அது கைக்கு வராது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். சாதனம் கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் அது காக்கும். ஆனால் பயந்து பாதி அழுத்தத்தோடு கையை நிறுத்திவிடுபவனுக்கு அச்சாதனத்தால் என்ன பயன்?

இவ்வாறே வளைவின் விஷயமும். வேகமாகச் செல்லும் வண்டியை வலப்புறம் திருப்ப வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். வண்டி வலப்புறம் சாய்ந்து அப்பக்கமே திரும்பும். இது கேட்பவருக்கு விநோதமாகத் தோன்றும். ஆனால் ஓட்டுபவர் அனைவரும் அறியாமலே செய்வது இது. அறிந்து செய்பவன் எதிரே வந்த லாரியைத் தவிர்க்கிறான். அறியாதவன் பயத்தில் கைகளை விறைத்துக் கொண்டு, எதைக் கண்டு அஞ்சினானோ அதன்மேலேயே மோதுகிறான். கண் செல்லும் வழியே வண்டி செல்லும். ஆகவே தப்பும் வழியை நோக்க வேண்டுமே தவிர அபாயத்தை வெறித்துப் பார்க்கலாகாது.

இக்கலை நம் ஸ்ரீபெரும்புதூருக்கு அந்நியமானதும் அன்று. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்திப் பழகிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார், 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையைத் திறந்தனர். கீத் கோட் என்பவர் 1980ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியார் அப்பாதைக்கு வந்து வகுப்புக்கள் நடத்தியிருக்கிறார்கள். பல வருஷம் ஓட்டியவர்களே அங்கு மாணாக்கர். வளைவில் எங்கே திரும்புவது, வேகத்தை எவ்விதம் சீராகக் கூட்டுவது, கைகளை எப்படித் தளர்த்தி வைப்பது என்று ஒவ்வொரு பாடமாக மீண்டும் கற்கிறார்கள். இது பாராட்டத் தக்கதே. ஆனால் விலையுயர்ந்த வண்டியும், கட்டணம் செலுத்தும் வசதியும் உடைய சிலருக்கே அக்கல்வி எட்டுகிறது. இரவு வேலை முடிந்து, தூக்கம் கண்ணை அழுத்த, கண்டெய்னர் லாரிகளின் நடுவே சிறிய வண்டியில் வாலாஜாபாத்துக்கோ சிங்கப்பெருமாள் கோயிலுக்கோ திரும்பும் தொழிலாளிக்கு அதைக் கற்பிப்பவர் யார்? லாரி டிரைவரின் கண்ணுக்குப் படாத இடம் எது, இடப்புறம் திரும்பும் நீண்ட லாரியின் உட்பக்கம் ஏன் செல்லலாகாது என்று அவனுக்கு யார் சொல்வார்?

பயிற்சி கர்வத்தை வளர்க்கும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. நார்வே தேசத்தில் கார் ஓட்டும் இளைஞருக்கு வழுக்கும் பாதையில் பயிற்சி கொடுத்ததில் சிலருக்குத் துணிச்சலே மிகுந்து விபத்து கூடியதாக ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே கற்பிக்க வேண்டியது சாகசம் அன்று. பிரிட்டனில் 1956ல் தோன்றிய மேம்பட்ட ஓட்டுநர் சங்கத்தார், அபாயத்தை முன்கூட்டி அறிவதையே முதற்பாடமாக வைத்தனர். அங்கே போலீஸாரும் பொதுஜனங்களின் பின்னால் வண்டியில் சென்று, அவர்கள் ஓட்டும் முறையைப் பார்த்துக் குறைகளை எடுத்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அபராதம் விதிக்கும் கையே கற்பிக்கும் கையுமாவது நாம் கவனிக்கத் தக்கது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. இப்பிரதேசத்து ஆலைகள் யந்திரத்தின் அருகே நிற்பவனுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகின்றன. ஆலை வாசலுக்கு வெளியேயும் அவன் அவர்களுடைய தொழிலாளியே. வருஷத்தில் ஒரு நாள், சம்பளத்தோடு, அவனுடைய சொந்த வண்டியிலேயே பிரேக் பயிற்சியும் சாலைப் பயிற்சியும் அளிப்பது அவர்களுக்குப் பெருஞ் செலவாகாது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்க மத்திய சர்க்கார் அமைத்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வண்டியை ஆயிரம் விதமாய்ச் சோதிக்கும் தேசம், அதன்மேல் ஏறுபவனை ஆயுளில் ஒரு முறை மட்டும் சோதிப்பது என்ன நியாயம்? லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மறுபயிற்சிச் சான்று கேட்பதை மத்திய சர்க்கார் யோசிக்க வேண்டும். இவற்றால் நல்ல சாலை, விளக்கு, போலீஸ் கண்காணிப்பு, ஹெல்மெட் ஆகியவற்றின் அவசியம் குறைந்துவிடாது. பயிற்சியைக் காட்டிச் சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவவும் நாம் இடங்கொடோம்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஸ்தலம். குருவினிடம் ரகசியமாய்ப் பெற்ற மந்திரத்தை அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோர்க்கும் உரைத்தார் என்பது நம் நாட்டார் போற்றும் வரலாறு. உயிர் காக்கும் அறிவு சிலரிடம் பூட்டிக் கிடக்கலாகாது என்பதே அதன் கருத்தன்றோ? பந்தயப் பாதையின் மதிலுக்குள் இருக்கும் வித்தை ஒரகடம் சாலைக்கு வரட்டும். அதுவரை, பத்து வருஷம் ஓட்டிவிட்டேன் என்று பெருமை பேசும் நம் வாசகர் ஒவ்வொருவரும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி மைதானத்துக்குச் சென்று, தம் வண்டி எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பார்ப்பாராக.