ஆன்ட்வெர்ப் அச்சிட்ட 23 ஓவியர்கள்

1572இல் ஆன்ட்வெர்ப் நகரில் ஒரு படத்தொகுப்பு வெளியானது. அதில் 23 பேரின் முகங்கள். மன்னர்களோ புனிதர்களோ அல்லர். நெதர்லாந்துப் பகுதியில் வாழ்ந்து மறைந்த ஓவியர்கள். யான் வான் ஐக், போஷ், பிரேகல் எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கவிஞர் லம்ப்சோனியுஸ் எழுதிய லத்தீன் கவிதை. இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கையை வசாரி 1568இல் மரச்செதுக்கு முகங்களோடு வெளியிட்டிருந்தார். எங்களுக்கும் முன்னோர் உண்டு என்று வடக்கத்தியர் சொன்ன பதிலாகவே இந்தத் தொகுப்பை நான் பார்க்கிறேன்.

இந்த முகங்களைச் செதுக்கியவர்களில் யோஹானஸ் வீரிக்ஸும் கொர்னெலிஸ் கோர்ட்டும் முக்கியமானவர்கள். அவர்கள் கையாண்ட பியூரின் என்பது கூர்முனை கொண்ட எஃகுக் கருவி. அதை உள்ளங்கையால் தள்ளினால், ஏர் சால் பிடிப்பதுபோலச் செம்புத்தகட்டில் பள்ளம் விழும். வளைகோடு வேண்டுமென்றால் கருவியைத் திருப்புவதில்லை. தோல்மெத்தை மேல் இருக்கும் தகட்டைத்தான் திருப்புவார்கள். ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டி எடுத்து, மையைப் பள்ளங்களுக்குள் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைப்பார்கள். பிறகு ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறும். மையோ கறுப்பு ஒன்றுதான். கன்னத்தின் சரிவும் கண்ணோரத்துச் சுருக்கமும் கோட்டின் பருமனிலும் நெருக்கத்திலும்தான் பிறக்க வேண்டும். படம் இடவலம் மாறி அச்சாகும் என்பதால் எழுத்துகளைக்கூடத் திருப்பியே செதுக்கினார்கள். இத்தனை கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பார்வையைத் தகட்டில் கொண்டுவந்தவர்களை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

என்றோ இறந்தவர்களின் முகம் எங்கிருந்து கிடைத்தது? தொகுப்பில் உள்ள ஓவியர் பாட்டினிருக்கு நல்ல ஆதாரம் உண்டு: ஜெர்மானிய ஓவியர் டியூரர் வரைந்த படமே மூலம் என்று லம்ப்சோனியுஸின் கவிதையே சொல்கிறது. 1516இல் இறந்த போஷின் முகத்தை அவ்வளவு உறுதியாக ஏற்க முடியாது. ஹூபர்ட், யான் என்ற வான் ஐக் சகோதரர்களின் முகங்கள் கென்ட் நகரப் பலிபீட ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் குதிரையேறி வரும் நீதிபதிகளிடையே அவர்கள் இருவரும் இருப்பதாக மரபு. நீதிபதிகள் இருக்கும் அந்தப் பலகை 1934இல் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

தொகுப்பைத் தொடங்கிய பதிப்பாளர் ஹியரோனிமுஸ் கோக் 1570இலேயே காலமானார். வேலையை முடித்து வெளியிட்டவர் அவருடைய மனைவி ஃபோல்க்ஸ்கென் டீரிக்ஸ். கணவரின் முகத்தையும் அந்த 23இல் ஒன்றாகச் சேர்த்தார். ‘நான்கு காற்றுகள்’ என்ற அவர்களது அச்சகத்தை 1600இல் தாம் இறக்கும்வரை அவரே நடத்தினார். 1610இல் தி ஹேக் நகரில் ஹெண்ட்ரிக் ஹோண்டியுஸ் இதே வரிசையை இன்னும் பல ஓவியர்களைச் சேர்த்து விரிவாக்கினார்.