பாயிண்ட் போடும் கை

ஓசூர் ஸ்டேஷனுக்குள் நுழையும் ரயில், தடம் மாற்றிவிடும் பாயிண்டைக் கடக்கையில் 'தடக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு தண்டவாளம் இன்னொன்றை வெட்டும் இடத்தில், சக்கர விளிம்பு புகுந்து போகச் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். அதைச் சக்கரம் தாண்டும் சத்தம் அது. மேஜையில் ஓடும் மாடல் ரயில் பெரும்பாலும் குப்புற விழுவதும் அங்கேதான்.

பாயிண்ட் கடையில் கிடைக்குமே, கையால் ஏன் செய்ய வேண்டும்? 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய 'எச்ஓ' மாடலுக்குக் கடையில் விற்கும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதையின் சுருக்கம். நம் அகலப் பாதை 1676 மி.மீ.; சுருக்கினால் 19.3 வரும். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக 1913-இல் ஓசூருக்கு வந்து, 1941-இல் மூடப்பட்ட 762 மி.மீ. குறுகிய பாதையை மாடலாக்கினால் கிட்டத்தட்ட 9 மி.மீ. அந்த அகலத்தில் 'என்' அளவுப் பாதை விற்கிறது. ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் அதன் ஸ்லீப்பர்கள் 160-இல் ஒரு பங்குக்குச் செய்தவை. குச்சி குச்சியாய் நெருங்கி நிற்கும். ஆக, ஓசூர் பாதைகளை அச்சு அசலாகச் செய்யக் கைவேலைதான் கைகொடுக்கும்.

மாடலின் அளவிலேயே அச்சிட்ட பாயிண்ட் படத்தைப் பலகையில் ஒட்டி, காப்பர் பூசிய போர்டைக் கீற்றாக வெட்டி ஸ்லீப்பராக அடுக்குவார்கள். அதன்மேல் தண்டவாளத்தைச் சாலிடர் வைப்பார்கள். தடம் மாற்ற நகரும் தண்டவாளமான டங் ரயிலின் நுனியைக் கத்திபோல் அராவ வேண்டும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே காப்பர் பூச்சை அறுத்துவிட வேண்டும். மறந்தால் ஷார்ட் ஆகும்.

சூட்சுமம் செக் ரயிலில் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்கள் கூடும் கூரிய மூக்கின் முன்னால் ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் போகிறது. அதே அச்சின் மறுசக்கரத்தை முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது செக் ரயில்தான். அகலப் பாதையில் செக் ரயிலுக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி 44 முதல் 48 மி.மீ. கணக்குப்படி மாடலில் அரை மி.மீ. போதும், ஆனால் மாடல் சக்கரத்தின் விளிம்பு தடிமனானது, அதனால் ஒரு மி.மீ.க்குச் சற்று மேலே விடுகிறார்கள். புதியவர்கள் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து அளப்பார்கள். அளக்க வேண்டியது மூக்கிலிருந்து. செக் ரயில் மூக்கை நோக்கி நெருங்கிப்போனால் சக்கரம் மூக்கில் முட்டும்.

ஃபீலர் கேஜும் வெர்னியரும் பிடித்துப் பழகிய ஓசூர் டூல் ரூம் கைக்கு இது புது வித்தையல்ல. முடித்ததும் ஒற்றை வேகனை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மூக்கருகே தயங்கினால் என்ஜினை ஏற்றாதீர்கள், அரத்தை எடுங்கள்.