வீட்டுச் சூரிய மின் இன்வெர்ட்டர் பாதுகாப்பு

வீட்டுச் சூரிய மின் இன்வெர்ட்டர் பாதுகாப்பு என்பது, வீட்டுச் சூரிய மின் தொகுதியில் உள்ள இன்வெர்ட்டர் எதிர்பாராது பழுதடையாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். கூரைமேல் அமைந்த சூரியத் தகடுகள் தரும் நேர்திசை மின்னோட்டத்தை, வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் கருவியே இன்வெர்ட்டர் ஆகும். சூரியத் தகடுகள் பொதுவாக 25 ஆண்டுகள் வரை உழைக்கக்கூடியவை. இன்வெர்ட்டரோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளே உழைக்கும். எனவே தொகுதியில் முதலில் பழுதடைவது பெரும்பாலும் இதுவே. இது நின்றுவிட்டால் தகடுகள் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை.

எதிர்பாராத பழுது எனக் கூறப்படுவனவற்றுள் பல, முன்கூட்டியே அறியத்தக்க காரணங்களால் ஏற்படுகின்றன. வெப்பம், மின்னல், மின்வழங்கலின் ஏற்ற இறக்கம், தவறான வடிவமைப்பு, ஈரம், தளர்ந்த இணைப்பு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுக்கான காப்புகளை நிறுவும்போதே செய்துகொள்வது, பின்னர் கருவியை மாற்றுவதைவிடச் செலவு குறைந்தது.

## தமிழ்நாட்டில் பின்னணி

2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீதம் 5 ஆண்டுகளில் 3 இலட்சம் வீடுகளைக் கட்டித்தர முற்பட்டது. அவ்வீடுகளுக்குச் சூரிய ஆற்றல் விளக்குகள் வழங்கப்பட்டன. 2012இல் தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை வெளியிடப்பட்டது. 2019இல் புதிய கொள்கை வந்தது. 2024 பெப்ரவரியில் இந்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வழங்குகிறது. இதனால் மின்துறை சார்ந்த பயிற்சி இல்லாத குடும்பங்களும் இன்வெர்ட்டரைப் பேணவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

## வகைகள்

- மின்வலை இணைந்தது: மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்குவது. மின்கலம் இல்லை.
- தனித்தியங்குவது: மின்கலத்தில் ஆற்றலைச் சேமித்து, மின்வலையைச் சாராது இயங்குவது.
- கலப்பு வகை: மின்வலை, மின்கலம் இரண்டோடும் இணைந்தது.

## காவலூரும் மலைப்பகுதிச் சூழலும்

காவலூர், தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊராகும். இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் புகழ்பெற்றது. தெளிந்த வானம், நகர வெளிச்சத்திலிருந்து தொலைவு, தென்வானத்தையும் காணத்தக்க தாழ்ந்த அகலாங்கு ஆகியவற்றால் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இவ்விடத்தைத் தேர்ந்தார். 1986 சனவரியில் இங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது.

இரவில் விண்மீன்களைக் காட்டும் தெளிந்த வானம், பகலில் சூரியத் தகடுகளுக்கும் ஏற்றதே. ஆயினும் இன்வெர்ட்டருக்கு இத்தகைய மலையூர்களில் சில தனி இடர்கள் உண்டு.

- கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரும் இடிமழை மிகுதி. மேட்டில் தனித்து நிற்கும் வீடுகளுக்கு மின்னல் இடர் கூடுதல்.
- பாறை நிலம் மின்னோட்டத்தை எளிதில் கடத்தாது. ஆகவே நல்ல புவி இணைப்புப் பெறுவது கடினம்.
- மரங்களினூடே நெடுந்தொலைவு வரும் மின்கம்பிகளில் கிளை முறிந்து விழுவதால் மின்னழுத்தம் குலையும்.
- மார்கழி, தை மாதக் காலைகள் சமவெளியைவிடக் குளிர்ந்தவை.
- பருவமழைக் காலத்தில் பல நாட்கள் தொடர்ந்து வெயில் இராது. மின்கலம் வறண்டுபோகும்.
- பழுது நீக்குபவர் அடிவாரத்து ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வரவேண்டும்.

உயரம் மட்டும் இங்கு இடரன்று. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் 2000 மீட்டர் வரை முழுத் திறனுடன் இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. அதற்கு மேல் காற்றின் அடர்த்தி குறைவதால் கருவி போதிய அளவு குளிராது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றொரு ஆய்வகம் அமைந்த லடாக்கின் ஹான்லே, சுமார் 4500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய இடத்தில்தான் உயரத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

## பழுதுக்கான காரணங்களும் காப்பு முறைகளும்

### வெப்பம்

இன்வெர்ட்டரினுள் உள்ள மின்பகு மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல வறண்டு திறன் இழக்கின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. எனவே கருவியை மேற்குச் சுவரில் நேர்வெயிலில் பொருத்தலாகாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள வடக்குச் சுவர் நன்று. தகரக் கூரைக்கு நேர் கீழும், அடுப்படியிலும், மூடிய அலமாரியிலும் வைத்தல் கூடாது. கருவியின் மேலும் கீழும் பக்கங்களிலும் கையேட்டில் கூறிய இடைவெளி விடவேண்டும்.

### மின்னலும் மின்னெழுச்சியும்

மின்னல் வீட்டின்மீதே விழவேண்டும் என்பதில்லை. அருகில் விழும் மின்னலும் கம்பிகளில் நொடிப்பொழுதில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டவல்லது. இது மின்னெழுச்சி எனப்படும். இதனைத் தடுக்க நேர்திசைப் பக்கத்திலும் மாறுதிசைப் பக்கத்திலும் தனித்தனியே மின்னெழுச்சித் தடுப்பான்கள் பொருத்தப்படும். கடைகளில் இது எஸ்.பி.டி. என வழங்கும்.

தடுப்பான் வாங்குவது மட்டும் போதாது. பின்வருவனவும் தேவை:

- தடுப்பானை இணைக்கும் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டருக்கு மிகாதிருத்தல். நீண்டு சுருண்ட கம்பி காப்பின் பயனைக் குறைக்கும்.
- தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 10 மீட்டருக்கு மேல் கம்பி இருப்பின் இரு முனைகளிலும் தடுப்பான் வைத்தல்.
- நேர்முனை, எதிர்முனைக் கம்பிகளை ஒன்றையொன்று ஒட்டியே கொண்டுசெல்லல். அவற்றிடையே பரப்பு கூடினால் தூண்டப்படும் மின்னழுத்தமும் கூடும்.
- தடுப்பானின் சிறு சாளரம் பச்சையிலிருந்து சிவப்பானால் உடனே மாற்றுதல். அது தன் கடமையைச் செய்து முடிந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

### புவி இணைப்பு

எர்த் எனப்படும் புவி இணைப்பு இல்லாவிடில் தடுப்பானால் மின்னெழுச்சியை நிலத்துக்குச் செலுத்த இயலாது. புவி இணைப்பின் மின்தடை 5 ஓமுக்குள் இருக்குமாறு அமைப்பது வழக்கம். பாறை நிலத்தில் ஒரே கம்பியை ஆழமாக இறக்க இயலாவிடில், இடைவெளி விட்டுப் பல கம்பிகளை நட்டு அவற்றை இணைக்கலாம். அல்லது நீண்ட பள்ளத்தில் உலோகப் பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். குழியில் கரியும் உப்பும் இட்டுக் கோடையில் நீர் ஊற்றுவது பழைய முறை. அது இன்றும் பயன்படுகிறது. உப்பு உலோகத்தை அரிக்குமாதலால் ஆண்டுதோறும் மின்தடையை அளத்தல் வேண்டும். தகட்டுச் சட்டம், இன்வெர்ட்டர், இடிதாங்கி ஆகியவற்றின் புவி இணைப்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பின், அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றாது.

### மின்வழங்கலின் ஏற்ற இறக்கம்

மும்முனை மின்சாரக் கம்பித்தொடரில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் இருக்கவேண்டிய வீட்டு இணைப்பில் 400 வோல்ட்டை நெருங்கிய மின்னழுத்தம் வரக்கூடும். கணப்பொழுது எழுச்சிக்கான எஸ்.பி.டி. இதனைத் தாங்காது. இதற்கு மிகை, குறை மின்னழுத்தத்தில் இணைப்பைத் தானே துண்டிக்கும் காப்புக்கருவி தேவை.

### தகடுகளின் எண்ணிக்கை

சிலிக்கான் தகட்டின் திறந்தசுற்று மின்னழுத்தம், வெப்பநிலை ஒரு பாகை குறையுந்தோறும் சுமார் 0.3% உயரும். எடுத்துக்காட்டாக, 25 பாகையில் 49 வோல்ட் தரும் 10 தகடுகளைத் தொடராக இணைத்தால் 490 வோல்ட் கிடைக்கும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 500 வோல்ட் எனில் இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் தகடு 10 பாகைக்குக் குளிர்ந்த காலையில் மின்னழுத்தம் 4.5% உயர்ந்து ஏறத்தாழ 512 வோல்ட் ஆகும். இது கருவியை நிலையாகக் கெடுத்துவிடலாம். 9 தகடுகளாயின் 461 வோல்ட்டுக்குள் நிற்கும். மலையூர்களில் இக்கணக்கை நிறுவுபவரிடம் கேட்டுப் பெறுதல் நன்று.

### ஈரமும் உயிரினங்களும்

பல்லி, எறும்பு ஆகியன வெதுவெதுப்பை நாடி உட்புகுந்து மின்சுற்றைக் குறுக்கிணைக்கும். எலியும் அணிலும் கம்பியின் காப்புறையைக் கடிக்கும். குரங்குகள் கம்பியை இழுக்கும். வெளியில் பொருத்தும் கருவி ஐ.பி. 65 தரத்ததாக இருத்தல் வேண்டும். கம்பிகள் குழாயினுள் செல்லவேண்டும். கம்பி நுழையும் துளைகளை அடைக்கவேண்டும். ஆனால் காற்று செல்லும் வழியை அடைக்கலாகாது.

### மிகைச்சுமையும் மின்கலமும்

மின்னோடி தொடங்கும் கணத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். ஆதலால் நீரேற்றி, மாவரைக்கும் கருவி போன்றவற்றைச் சிறிய இன்வெர்ட்டரில் இணைத்தல் தகாது. ஈய அமில மின்கலத்தை முழுதும் வறளவிடுவதும் தவறு. மழைக்காலத்தில் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளவேண்டும். வடிநீரைத் தவிர வேறு நீரை ஊற்றக்கூடாது.

### தளர்ந்த இணைப்பு

தளர்ந்த முனையில் வெப்பம் தோன்றி, பின் தீப்பொறி எழும். நேர்திசை மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டம்போல் இடையிடையே சுழியாவதில்லை. ஆகவே அப்பொறி எளிதில் அணையாது. மாறுதிசைக்கான சாதாரண எம்.சி.பி.யை நேர்திசைப் பக்கத்தில் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். இருவேறு நிறுவனங்களின் இணைப்பிகளை ஒன்றில் ஒன்று செருகுவதும் தவிர்க்கத்தக்கது.

## பழுதுபோல் தோன்றும் நிறுத்தங்கள்

மின்வலை இணைந்த இன்வெர்ட்டர், மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். இது பழுதன்று. கம்பத்தில் பணிபுரியும் மின்பணியாளரின் உயிரைக் காக்கவே இவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதனைக் கட்டாயமாக்குகின்றன. இக்காப்பை நீக்குமாறு கேட்பது பிறர் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

மழைக்குப் பிந்திய காலையில் காப்புத்தடைக் குறைவு எனக் காட்டி நின்று, வெயில் ஏறியதும் மீண்டும் இயங்கினால், எங்கோ கம்பியின் காப்புறை சிதைந்துள்ளது எனக் கொள்ளலாம். திரையில் தோன்றும் பிழை எண்ணைக் குறித்துக்கொண்டு தொழில்வல்லாரிடம் காட்டவேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் கூடாது.

## பராமரிப்பு

- மாதந்தோறும்: காற்றுவழித் தூசியை நீக்குதல், எஸ்.பி.டி. சாளரத்தைப் பார்த்தல், மின் உற்பத்தியைக் குறித்தல்.
- மழைக்காலத்துக்கு முன்: கம்பிக் குழாய்கள், துளையடைப்புகள், தகட்டின்மேல் சாயும் கிளைகள் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
- ஆண்டுக்கு ஒருமுறை: தகுதிபெற்ற மின்பணியாளர் மூலம் இணைப்புகளை இறுக்குதல், புவி இணைப்பின் மின்தடையை அளத்தல்.

## எச்சரிக்கை

இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் பகலில் தகடுகளிலிருந்து வரும் கம்பிகளில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் இருக்கும். மின்தேக்கிகளும் நிறுத்திய பின் சில நிமிடங்கள் மின்னேற்றத்துடன் இருக்கும். சுமை உள்ளபோது நேர்திசை இணைப்பியைப் பிடுங்குதல், கருவியின் மூடியைத் திறத்தல் ஆகியவற்றை வீட்டார் தாமே செய்யலாகாது. புகையோ கருகிய மணமோ தோன்றினால் மாறுதிசை, நேர்திசைத் துண்டிப்பான்களை நிறுத்தி விலகிநின்று தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். வீட்டில் சூரியத் தகடுகள் உள்ளன என்பதையும் அவர்களிடம் கூறவேண்டும்.

## இவற்றையும் பார்க்க

- சூரிய மின்கலம்
- இடிதாங்கி
- புவி இணைப்பு
- ஜவ்வாது மலை
- வைணு பாப்பு வானாய்வகம்