அச்சமும் மூளையும்

அச்சம் உயிர்க்கெல்லாம் பொதுவாயதோர் உணர்ச்சி. பாம்பைக் கண்டும் பின்வாங்காதவன் நெடுநாள் வாழான். ஆயினும், பாம்பு இல்லாவிடத்தும் நெஞ்சு படபடத்து, உறக்கம் நீங்கி, தேர்வு மண்டபத்துள் அடிவைக்கவும் இயலாதவாறு ஒருவனை அச்சம் நாடோறும் வாட்டுமாயின், அது நோயாம். இதனை மருத்துவர் பதற்ற நோய் என்பர். இந்நோயாளரைக் கோழையர் என்று இகழ்வோர் நம்மவருள் இன்றும் உளர். அவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூளையின் உட்புறத்தே, இருமருங்கினும், வாதுமைப் பருப்பை ஒத்த உறுப்பொன்று உளது. அதன் பெயர் அமிக்டலா. இடர் வருவதை உணர்ந்து, இதயத்தையும் மூச்சையும் விரைவிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. நெற்றிப்புற மூளையோ, இடர் மெய்யோ பொய்யோ எனத் தேர்ந்து, அவ்விரைவை அடக்குவது. பதற்ற நோயாளரிடம் அமிக்டலா மிகுதியாகத் தொழிற்படுவதை ஆராய்ச்சியாளர் பலர் கண்டுள்ளனர்.

மண்டையைத் திறவாமல் இதனைக் கண்டது எங்ஙனம்? பிராணவாயு நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் காந்தத் தன்மையில் வேறுபடும். உழைக்கும் மூளைப் பகுதிக்கு இரத்தம் மிகுதியாகப் பாயும். ஆதலின் அவ்வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று 1990-இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா காட்டினார். எனினும் அப்படம் காட்டுவது இரத்த ஓட்டத்தையே, அச்சத்தையன்று. பலரை ஒருங்கு நோக்கித் தெளியும் வேற்றுமையைக் கொண்டு, தனியொருவர்க்கு நோய் உண்டு என்று துணிதல் இன்றும் இயலாது.

இனித் தூண்டல் முறை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் என்பார், தலையின்மேல் வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பால் மூளையில் மின்னோட்டம் எழுப்பினார். ஆனால் ஆழத்திலுள்ள அமிக்டலாவை அத்துடிப்பு நேரே எட்டுவது அரிது. ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் இராஜவாய்க்காலை நம்முள் பலர் அறிவர். கடைமடையில் நீரைக் குறைக்க வேண்டுவோன் கடைமடைக்கே செல்ல வேண்டுவதில்லை. தலைமதகை இறக்கினும் அமையும். அதுபோலவே, மேற்புறத்து நெற்றி மூளையைத் தூண்டி, அதனோடு இணைந்த உட்பகுதிகளை மாற்ற முயல்கின்றனர்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார், தலைமேல் மெல்லிய மின்சாரம் செலுத்தும் மற்றொரு முறையை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவச் செய்யும் எண்ணச்சுழல் நோயில், மருந்தால் போதிய குணமடையாதாரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இந்நோய் 2013 வரை அமெரிக்க மனமருத்துவர் பட்டியலில் பதற்ற நோய்களுள் ஒன்றாக இருந்தது. மெய்ச்சிகிச்சை பெற்ற 12 பேருள் 4 பேர் நலம் கண்டனர். போலிச் சிகிச்சை பெற்ற 13 பேருள் ஒருவரும் காணவில்லை. நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் 12 பேருள் 8 பேர் நலம் காணாமையையும் மறத்தலாகாது.

ஆகவே, கருவிகள் இன்னும் மருத்துவரின் இடத்தைக் கொள்ளவில்லை. பேச்சு முறைச் சிகிச்சையும் மருந்துமே பதற்ற நோய்க்கு முதல் வழிகளாம். ஆனால் ஒன்று தெளிவு: இந்நோயில் மூளையின் தொழிலும் மாறுபடுகின்றது, அது மன உறுதியின் குறைவன்று. காய்ச்சலுற்றவனை நாம் இகழ்கின்றோமா? உடன்பயிலும் தோழன் அச்சத்தால் வாடக் காணின், அவனை நகையாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அதற்கு முன்னர் ஆறுதலும் வழிகாட்டலும் வேண்டுவோர்க்கு, அரசினர் 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியும் உண்டு.