எவர்சில்வரின் மேற்பரப்பு

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், தோசை, சப்பாத்தி முதலியவற்றைத் தயாரிக்கும் யந்திரங்களையும் உருவாக்கியுள்ளது. இத்தகைய யந்திரங்களில் உணவு படும் பாகங்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால், அதாவது மக்கள் எவர்சில்வர் என வழங்கும் உலோகத்தினால் ஆனவை. புளிப்பும் உப்பும் அதனை அரிக்க முயல்கின்றன. ஓயாத உராய்வு அதனைத் தேய்க்கிறது. அரிப்பை எதிர்ப்பதில் எவர்சில்வர் வல்லது. தேய்மானத்தைத் தாங்குவதில் அத்துணை வல்லதன்று.

பாத்திரங்களுக்கு உகந்த வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கே கனமுள்ள படலமாகிறது. கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் உண்டாகும். ஆனால் இரும்பு நாரினால் தேய்த்தால் இரும்புத் துணுக்குகள் பதிந்து துருவேறும். பழி மட்டும் எவர்சில்வரைச் சேரும்! தொழிற்சாலைகளில் நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து இத்துணுக்குகளை நீக்குகின்றனர்.

தேய்மானத்தைத் தடுக்க மேற்பரப்பைக் கடினமாக்க வேண்டும். சாதாரண எஃகினுள் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நைட்ரஜனைச் செலுத்துவது பழைய முறை. எவர்சில்வரை அவ்வாறு செய்தால் கடினமாகும். ஆயினும் குரோமியம் நைட்ரஜனோடு பிணைந்துவிடுவதால், படலம் அமைக்கப் போதிய குரோமியம் எஞ்சாது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்கத் தொடங்கும்.

இச்சிக்கலுக்கு வழி காட்டியது 1985-இல் ஜாங், பெல் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. உஷ்ணநிலை சுமார் 450 டிகிரிக்குக் கீழிருந்தால், சிறிய நைட்ரஜன் அணுக்கள் உலோக அணுக்களின் இடைவெளிகளில் புகுந்துகொள்ளும். பெரிய குரோமிய அணுக்களோ இடம் பெயர இயலாது. ஆகவே இரண்டும் பிணைவதில்லை. விக்கர்ஸ் அளவில் 200 அளவான கடினம் 1000-த்தைத் தாண்டுகிறது. துரு எதிர்ப்பும் நிலைக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. காக்கும் படலமே நைட்ரஜன் நுழைவதையும் தடுக்கிறது. எனவே காற்றகற்றிய கலத்தில் பாகத்தை எதிர்மின்வாயாக அமைத்து, சில நூறு வோல்ட் அழுத்தத்தில் அயனிகளை மோதச் செய்து படலத்தைப் பெயர்க்கின்றனர். காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் பிளாஸ்மா நைட்ரஜனேற்ற முறையை நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வழங்கியுள்ளது.

இவ்வடுக்கின் கனம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கே. பெரும் பளு விழுந்தால், அடியிலுள்ள மென்மையான உலோகம் அமுங்க, அடுக்கு வெடிக்கும். இவ்வாறு பக்குவம் செய்த பாகத்தைப் பழுது பார்க்கையில் வெல்டிங் செய்வதும் தகாது. அச்சூட்டில் குரோமியம் நைட்ரஜனோடு பிணைந்து, இணைப்பைச் சுற்றித் துரு தோன்றும்.