60 வயதுக்குப் பின் உடற்பயிற்சி: மெதுவாகத் தொடங்குவோம்

லங்காவியில் நடந்துள்ள அயர்ன்மேன் போட்டியில் ஒரே நாளில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். இதன் உலகப் போட்டியில் கலந்துகொள்ள, வீரர்கள் முதலில் தகுதி பெற வேண்டும்.

ஜப்பானியரான ஹிரோமு இனாடா, 60 வயதில் பணி ஓய்வு பெற்றபின் நீச்சல் பயிற்சியில் சேர்ந்தார். 70 வயதில்தான் முதல் முப்போட்டியில் கலந்துகொண்டார். 2018-இல், 85 வயதில், ஹவாய் உலகப் போட்டியை 17 மணி நேரத்துக்குள் முடித்தார். நீச்சலுக்கும் முதல் போட்டிக்கும் இடையே ஏறக்குறைய 10 ஆண்டுகள். அந்தப் பொறுமையே நமக்குப் பாடம்.

செபராங் ஜெயா வாழ் பெரியோர்களே, நமக்குப் போட்டி தேவையில்லை. வாரம் 150 நிமிட வேக நடை போதும்.

• முதலில் தினமும் 10 நிமிடம் நடங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.
• நடக்கும்போது பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.
• முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நீச்சல் அல்லது நிலை சைக்கிள் ஏற்றது.
• வாரம் 2 நாள் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். கால் வலுப்பெறும், கீழே விழும் அபாயம் குறையும்.
• வெயில் ஏறும் முன் நடங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

இருதய நோய், இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் உள்ளவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள்.

நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, கடும் மூச்சுத் திணறல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.