கோப்பையா? குஷியான ஆட்டமா? சென்னை கால்பந்து ரசிகர்களின் தீராத சண்டை!

சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு சண்டை பல வருடங்களாக நடந்து வருகிறது. கத்திக்குத்து இல்லை. கல்வீச்சு இல்லை. போலீசில் புகாரும் இல்லை. வெறும் வாய்ச்சண்டைதான். ஆனால் அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு உக்கிரமான சண்டை!

"டீம் ஜெயிச்சா போதும். எப்படி ஜெயிச்சா என்ன?" என்பது ஒரு கட்சி.

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கறோம். ஆட்டம் பார்க்க நல்லா இருக்க வேணாமா?" என்பது எதிர்க்கட்சி.

சண்டைக்கு மூல காரணம் சென்னையின் எப்.சி. அணிக்கு வந்த இரண்டு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள். ஒருவர் இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகரி. மற்றவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில். முதல்வர் கோப்பையைக் கொண்டு வந்தார். இரண்டாமவர் கோப்பையைக் கோட்டை விட்டார். அப்படியிருந்தும் இரண்டாமவர் பெயரைச் சொன்னால் முகம் மலரும் ரசிகர்கள் சென்னையில் உண்டு.

ஏன் இந்த அதிசயம்? முழு விவரம் வருமாறு:-

ருசி காட்டிய 2015

ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் தொடங்கியது. சென்னையின் எப்.சி.யும் அந்த ஆண்டே பிறந்தது. மறு ஆண்டே கோப்பை! அப்போது பயிற்சியாளர் இத்தாலி உலகக் கோப்பை வீரர் மார்கோ மட்டராசி.

அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. ஊர் தத்தளித்த நேரத்தில் டீம் வெளியூரில் நின்று ஜெயித்தது.

20-12-2015 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். கோவா அணி 2-1 என்று முன்னால் நின்றது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் பாக்கி. கோவா ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கடைசி நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல்! 3-2 என்று சென்னை கோப்பையைத் தூக்கியது. கொலம்பியா வீரர் மென்டோசா அந்த ஆண்டு 13 கோல் போட்டு முதலிடம் பிடித்தார்.

கோப்பையும் வந்தது, குஷியும் வந்தது. ரசிகர்களுக்கு ருசி கண்ட பூனையின் கதை ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். சண்டைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

"முதலில் கதவைச் சாத்து!"

2017-ல் கிரிகரி வந்தார். இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா அணியை 2000-ஆம் ஆண்டு எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டு போனவர். பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. பின்களம் பலமாக இருக்க வேண்டும், கார்னர் கிக் கிடைத்தால் வீணாக்கக் கூடாது, கோல் போட்டால் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதுதான் அவருடைய பாடம். வீட்டுக்காரர் ராத்திரி முதலில் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு படுப்பது போல!

அந்த 2017-18 சீசன் கணக்கைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் கோவா அணி போட்ட கோல் 42. சென்னை போட்டது 24 மட்டுமே. கோவா பயிற்சியாளர் செர்கியோ லோபெரா, ஸ்பெயின்காரர். "பந்தை விடாதே, அடித்துக்கொண்டே இரு" என்பது அவர் பாணி. நாடு முழுக்க அவர் டீம் ஆட்டத்தை ரசித்தார்கள்.

ஆனால் புள்ளிப் பட்டியலில் என்ன நடந்தது? 24 கோல் போட்ட சென்னை 32 புள்ளியுடன் இரண்டாவது இடம். 42 கோல் போட்ட கோவா 30 புள்ளியுடன் மூன்றாவது இடம்!

அரை இறுதியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். கோவாவில் 1-1. சென்னையில் 3-0. ஜெஜே இரண்டு கோல், சென்னைப் பையன் தன்பால் கணேஷ் ஒரு கோல். "அழகு ஆட்டம்" மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனது.

17-3-2018 அன்று பெங்களூரு கன்டீரவா ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த பெங்களூரு அணி, சொந்த மண், சொந்தக் கூட்டம். 9-வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டார். பதிலுக்கு சென்னையின் பின்கள வீரர் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை கார்னர் கிக்கில் எழும்பி முட்டினார். இரண்டும் கோல்! ரபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். 3-2. இரண்டாவது முறையாகக் கோப்பை சென்னைக்கு வந்தது.

"கார்னர் கிக்கில் முட்டி ஜெயிப்பது ஒரு ஆட்டமா?" என்று அன்று ராத்திரி கேட்டிருந்தால் தர்ம அடிதான் கிடைத்திருக்கும். முதல் கட்சிக்கு இன்றுவரை இதுதான் பலமான சாட்சி.

அதே ஆள்... கடைசி இடம்!

ஆனால் அடுத்த சீசனில் நடந்தது என்ன? 2018-19-ல் அதே கிரிகரி. அதே பாடம். 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம்! சாம்பியனாக இருந்த டீம் கடைசி பெஞ்சுக்குப் போனது.

அதற்கு அடுத்த சீசன் இன்னும் மோசமாக ஆரம்பித்தது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டம் முடிந்ததும், 2019 நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார்.

இங்கேதான் எதிர்க்கட்சி கேட்கிறது: "ஜெயிக்கறதுக்காகத்தானே அழகை விட்டுக் கொடுத்தோம்? இப்போ ஜெயிப்பும் இல்லை, அழகும் இல்லை. ரெண்டு பக்கமும் நஷ்டம்!"

யோசித்தால் நியாயம்தான். முடிவை மட்டுமே நம்பி நிற்கும் பயிற்சியாளருக்கு, முடிவு கைவிட்டால் வேறு துணை இல்லை. "தோற்றாலும் ஆட்டம் நல்லா இருந்ததுப்பா" என்று சொல்ல ஸ்டேடியத்தில் ஒரு ஆள் மிச்சமிருக்க மாட்டார்.

காயில் செய்த மாயம்

2019 டிசம்பர் தொடக்கத்தில் காயில் வந்தார். ஆள் மாற்றம் பெரிதாக இல்லை. கோல் அடிக்கத் திணறிய அதே டீம். அவர் சொன்ன பாடம் மட்டும் வேறு. பந்து கிடைத்தால் முன்னே போ!

மீதி 12 லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று டிரா. அந்த 12 ஆட்டத்தில் விழுந்த கோல் 28! லிதுவேனியா வீரர் வால்ஸ்கிஸ் சீசன் முழுக்க 15 கோல் போட்டு முன்னணியில் நின்றார். பிரேசில் வீரர் கிரிவெல்லாரோ பந்தை ஊட்டிவிட்டார். அனிருத் தாபாவும், சாங்தேயும் பறந்தார்கள். கடைசி இடத்தருகே கிடந்த டீம் நான்காவது இடத்துக்கு ஏறி அரை இறுதிக்கு வந்தது.

அரை இறுதியில் மறுபடியும் கோவா. சென்னையில் 4-1 என்று ஜெயித்தார்கள். கோவாவில் 2-4 என்று தோற்றார்கள். இரண்டு ஆட்டத்தில் 11 கோல்! கூட்டிக் கழித்து 6-5 என்று சென்னை இறுதிக்குப் போனது. கிரிகரி இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். காயில் ஜன்னலையும் சேர்த்துத் திறந்து வைத்தார்!

14-3-2020 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். கொரோனா பயத்தால் ஸ்டேடியத்தில் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. எதிரே கொல்கத்தா ஏ.டி.கே. அணி. அதன் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ், ஸ்பெயின்காரர். பின்களத்தைக் கட்டி வைத்து, சமயம் பார்த்துப் பாய்வது அவருடைய வழி. 3-1 என்று ஏ.டி.கே. ஜெயித்தது. 2014-ல் முதல் கோப்பையை வாங்கியவரும் இதே ஹபாஸ்தான்.

"பார்த்தியா? கடைசியில கோப்பை யார் கையில இருக்கு?" என்றது முதல் கட்சி.

"போனாப் போவுது. அந்த மூணு மாசம் வாழ்ந்தோம் இல்ல?" என்றது எதிர்க்கட்சி.

மூன்று பேர், ஒரே எட்டு!

காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்து கேடயம் வாங்கினார். அழகாக ஆடினால் ஜெயிக்க முடியாது என்ற பேச்சுக்கு அது ஒரு பதில்.

சென்னையில் என்ன நடந்தது? 2020-21-ல் சாபா லாஸ்லோ. 20 ஆட்டங்களில் 11 டிரா! டீம் எட்டாவது இடம். 2021-22-ல் போசிடார் பாண்டோவிச். முதலில் பாதுகாப்பு என்றார். கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் சீசன் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டீம் எட்டாவது இடம். 2022-23-ல் தாமஸ் பிராடரிச். கோல்கள் வந்தன. வந்த அளவுக்கு வாங்கவும் வாங்கினார்கள். அப்போதும் எட்டாவது இடம்!

மூன்று பயிற்சியாளர், மூன்று பாணி, ஒரே எட்டு. பாணி மட்டும் டீமைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

2023-ல் காயிலையே திரும்ப அழைத்தார்கள். முதல் வருடம் ஆறாவது இடம், பிளே ஆப் வரை வந்தது. 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம். பழைய பாசம் எத்தனை நாளைக்கு வரும்? அந்த சீசனுக்குப் பிறகு அவரும் விலகினார். 2025-ல் கோவாவைச் சேர்ந்த கிளிபோர்டு மிராண்டா பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

பிரேசிலிலும் இதே சண்டை

இது சென்னைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. கால்பந்தின் தாய்வீடு மாதிரி இருக்கும் பிரேசிலிலேயே இந்தச் சண்டை ஓயவில்லை.

1982 உலகக் கோப்பையில் டெலே சன்டானா தயாரித்த பிரேசில் அணி, ஜிகோ, சாக்ரட்டீஸ் என்று நட்சத்திரப் பட்டாளம். பந்து பம்பரமாகச் சுற்றியது. இத்தாலியின் பாவ்லோ ரோசி மூன்று கோல் போட்டு 3-2 என்று ஊருக்கு அனுப்பினார். 1994-ல் பெரேரா தயாரித்த பிரேசில், கணக்குப் பார்த்து ஆடியது. இறுதி ஆட்டத்தில் இத்தாலியுடன் கோலே இல்லாத டிரா. பிறகு பெனால்டியில் ஜெயித்து, 24 வருடம் கழித்துக் கோப்பை வாங்கியது. ஆனால் கோப்பை வாங்காத 1982 டீமைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கும் நல்ல ஆட்டத்தின் மதிப்பு தெரியாதது அல்ல. 31-1-1999 அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ரன் அடித்தும், இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் டெஸ்டில் தோற்றது. நெஞ்சு வெடிக்கும் தோல்வி. அப்படியும் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. உலகமே அதைப் பேசியது. அதே ஊர் ரசிகன்தான் நேரு ஸ்டேடியத்திலும் உட்கார்ந்திருக்கிறான்.

குண்டனி நாட்டிலிருந்து வந்தால்?

சென்னையின் எப்.சி. பெயரில்தான் சென்னை இருக்கிறதே தவிர, ஐ.எஸ்.எல்.லில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் டீம் அது ஒன்றுதான். மாவட்டத்து ரசிகனுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள 14 நாடுகளில் ஒன்று குண்டனி நாடு. அங்கிருந்து ஒரு பையன் நேரில் மேட்ச் பார்க்க ஆசைப்பட்டால் என்ன பாடு? காரவள்ளி பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். நாமக்கல்லோ சேலமோ வந்து சென்னைக்கு வண்டி பிடிக்க வேண்டும். ராத்திரி ஏழரை மணி மேட்ச் முடிந்தால் விடிய விடியப் பயணம். திரும்ப 70 வளைவு ஏற வேண்டும். போகவர இரண்டு நாள் கூலி போச்சு. டிக்கெட் காசு தனி, சாப்பாட்டுக் காசு தனி.

அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும்? ஜெயித்துக் காட்டினால் மலை ஏறும்போது களைப்பு தெரியாது. தோற்றாலும் நெஞ்சை நிமிர்த்தி ஆடினால் ஊரில் போய்ச் சொல்ல நாலு கதை இருக்கும். தொண்ணூறு நிமிடம் பந்தைப் பின்னாலேயே உருட்டிவிட்டு 0-1 என்று தோற்றால்? அவன் அடுத்த முறை வர மாட்டான். டி.வி.யிலும் சேனலை மாற்றிவிடுவான்.

தீர்ப்பு என்ன?

இத்தனை வருடக் கணக்கைக் கூட்டினால் ஒன்று தெளிவாகிறது. ரசிகன் கேட்பது கோப்பையோ குஷியோ, இரண்டில் ஒன்று. கிரிகரி கோப்பை கொடுத்தார், ஆட்டத்தின் வறட்சியை மன்னித்தார்கள். காயில் குஷி கொடுத்தார், இறுதித் தோல்வியை மன்னித்தார்கள். இரண்டும் கொடுக்காத சீசனை மட்டும் யாருக்கும், எந்தப் பெயர் பெற்றவருக்கும் மன்னிக்கவில்லை. கிரிகரிக்கும் இல்லை. திரும்பி வந்த காயிலுக்கும் இல்லை.

வெற்றி என்பது கைக்காசு. வந்த அன்றே செலவாகிவிடும். நல்ல ஆட்டம் உண்டியல் காசு. கஷ்ட காலத்தில் கொஞ்ச நாள் கை கொடுக்கும். அதுவும் தீர்ந்துவிட்டால் கஷ்டம்தான்.

இந்த நிலையில் 2025-ல் ஒரு பேரிடி விழுந்தது. இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிற நிலையில், புதுப்பிக்கப்படாமல் இழுத்தது. அந்த ஆகஸ்டில் சென்னையின் எப்.சி.யும் தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. முந்தைய இரண்டு வருடமும் செப்டம்பரில் தொடங்கிய ஐ.எஸ்.எல்., 2025 முடிந்தும் தொடங்கவில்லை. நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். விளக்கு எரியவில்லை. வீரர்களுக்கு வேலை இல்லை, ரசிகர்களுக்கு மேட்ச் இல்லை.

அந்த மாதங்களில்தான் இரண்டு கட்சியும் முதல் முறையாக ஒரே பக்கம் நின்றன. கோப்பையா குஷியா என்று சண்டை போடுவதற்கும் முதலில் ஒரு மேட்ச் நடக்க வேண்டும் அல்லவா!